ஜாம் போத்தல் விளக்கும் என் ஒன்றரை லட்சமும்

2016 மாசியில் எங்கள் அம்மம்மா மோசம் போனா. எட்டுச் செலவு முடிந்த மறுநாள் குசினிக்குப் பின்னால் இருந்த பத்தியை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, உமி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஜாம் போத்தல் கிடந்தது. கழுத்தில் துருப்பிடித்த கம்பி, உள்ளே கரிபிடித்த பஞ்சு. பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. 1990 ஆனியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது எனக்கு ஐந்து வயது. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியதே அந்தப் போத்தலுக்கு முன்னால்தான். அதைக் கழுவாமல் அப்படியே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், நான் வரலாறு படிப்பிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒரு பெடியன் எழும்பி, "ரீச்சர், இதுக்க மீன் வளர்த்ததோ?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும்போதுதான் உறைத்தது. இரண்டாம் உலகப் போரைப் பக்கம் பக்கமாகப் படிப்பிக்கிறேன். இந்தப் பிள்ளைகளின் அம்மம்மாவின் குசினியில் நடந்த போருக்கு என்னிடம் ஒரு வரி இல்லை. சொல்லக்கூடிய என் அம்மம்மாவும் இப்போது இல்லை.

அப்படித்தான் தொடங்கினேன். 1990க்கும் 1995க்கும் இடையில், விடுதலைப்புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக்குள் எங்கள் ஊர்ச் சனம் எப்படிச் சமைத்தது, தோய்த்தது, படித்தது, பிள்ளை பெற்றது என்பதை ஆட்களிடம் கேட்டுப் பதிவு செய்வது. எனக்குப் பின்னால் பல்கலைக்கழகமும் இல்லை, நிறுவனமும் இல்லை, "இப்படிச் செய்யாதை பிள்ளை" என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. ஆறு மாதத்தில் முடிக்க நினைத்த வேலை இரண்டு வருடமும் நான்கு மாதமும் இழுத்தது. கையிலிருந்து ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் வீணாய்ப் போனது. காசை விடுங்கள், வேறு சிலதும் போனது, அதுதான் இன்னும் நெஞ்சை அரிக்கிறது. உங்கள் ஊரில் இப்படியொரு வேலை தொடங்கும் எண்ணம் இருந்தால், முதலில் என் பிழைகளைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் பிழை கமெரா. சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் 148,000 ரூபாய்க்கு வீடியோக் கமெரா ஒன்று வாங்கினேன், கூடவே முக்காலி. அதைக் கொண்டுபோய் ஒரு வீட்டு விறாந்தையில் விரித்தால், அந்த வீட்டு அம்மா உள்ளே ஓடிப்போய்க் கூறைச்சீலை மாதிரி ஒன்றை உடுத்திக்கொண்டு வந்து, கதிரையில் விறைத்துப்போய் இருப்பா. "எந்த ரீவிக்குப் பிள்ளை?" "இது வெளிநாட்டுக்குப் போகுமோ?" இன்னொரு வீட்டில், வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு, அந்த அம்மாவுக்குப் பதில் தானே பேசத் தொடங்கிவிட்டார். ஒன்பது மாதம் கழித்து அந்தக் கமெராவை 80,000 ரூபாய்க்கு விற்றேன். பிறகு எல்லாம் உள்ளங்கையில் அடங்குகிற ஒலிப்பதிவுக் கருவியில்தான். போன் இருந்தால் அதுவும் போதும். அதை வெறும் மேசையில் வைக்கவேண்டாம், தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற சத்தமெல்லாம் இடிமாதிரி விழும். மடித்த துவாயில் வையுங்கள், மின்விசிறியை நிற்பாட்டச் சொல்லுங்கள், போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். காகத்தை ஒன்றும் செய்ய இயலாது.

இரண்டாவது பிழை என்னுடைய கேள்விக்கொத்து. 42 கேள்வி, ஒழுங்காக ரைப் பண்ணி, பின் குத்தி. முதல் கேள்வி: "யுத்தகாலத்தில் உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?" இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, 1995 ஜூலையில் இராணுவத்தின் 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கை, நவாலித் தேவாலயத்தில் குண்டு, ஒக்டோபர் 17இல் 'சூரியக்கதிர்' நடவடிக்கை என்று மூன்று மணித்தியாலம் திகதியும் வரலாறுமாகச் சொன்னார். பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரவு வீட்டில் போட்டுக் கேட்டால், எல்லாம் பத்திரிகையில் வந்தது. அந்த ஐந்து வருடமும் அவர் எங்கே படுத்தார், என்ன சாப்பிட்டார் என்று மூன்று மணித்தியாலத்தில் ஒரு சொல் கிடையாது. இப்படிப் பதினொரு பேரிடம் பதிவு எடுத்தேன். பதினொன்றும் ஒரே அச்சு. குற்றம் அவர்களில் இல்லை. "யுத்தம்" என்று பெரிய சொல்லைப் போட்டுக் கேட்டால், சனம் பெரிய ஆட்களின் கதையைத்தான் திருப்பித் தரும். தன்னுடைய அடுப்பு அதற்குள் சேரும் என்று யார்தான் நினைப்பார்கள்?

என்னைக் காப்பாற்றியது தபாலதிபரின் மனுசிதான். இரண்டாம் தரம் போனபோது அவர் பழையபடி திகதி சொல்லத் தொடங்க, குசினிக்குள் இருந்து ஆச்சியின் குரல் வந்தது. "உவருக்கு என்ன தெரியும்? லாம்பெண்ணெய்க்கு வரிசையில நிண்டது நானெல்லே." அப்போதுதான் என் பையில் அம்மம்மாவின் போத்தல் இருந்தது ஞாபகம் வந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஆச்சி அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "பஞ்சு கூடிப்போச்சு" என்றா. பிறகு அடுப்படியில் சப்பாணி கட்டி இருந்து எனக்குச் செய்து காட்டினா. போத்தலின் அடியில் ஒரு பிடி பஞ்சு. பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய், ஒரு சொட்டும் மேலே நிற்கக்கூடாது. பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வுக் கட்டையைக் கம்பியில் சுற்றி, அதற்குள்ளால் திரியை விட்டு, திரியின் வால் பஞ்சைத் தொடுகிறமாதிரி இறக்கவேண்டும். சுவாலை போத்தலுக்குள்ளேயே நிற்கும், காற்றுக்கு அணையாது. பஞ்சு ஏன் என்று கேட்டேன். "ஷெல் விழுகிற அதிர்ச்சியில போத்தல் சரிஞ்சாலும் எண்ணெய் ஊத்துப்படாது. மற்றது, கடைசிச் சொட்டையும் திரி இழுக்கும்." தடை எப்படி வேலை செய்தது என்பதை எனக்கு விளங்கப்படுத்திய முதல் வசனம் அதுதான். ஒரு சொட்டு எண்ணெயின் விலை அந்தப் பஞ்சுக்குள் இருந்தது.

அந்தப் பின்னேரம் கதை ஓடியது. சவர்க்காரம் இல்லாத நாளில் பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்ததையும், கொடியில் காயப்போட்ட சீலையை மணத்துக்கு மாடு வந்து சப்பித் தின்றதையும் ஆச்சி சொல்லிச் சொல்லிச் சிரித்தா. சீனி இல்லை, தேத்தண்ணிக்குப் பனங்கட்டியில் ஒரு கடி, அதுவும் இல்லாவிட்டால் ஒரு இனிப்பை வாயில் அடக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி. தபாலதிபரும் இளகிவிட்டார். பற்றரி தடை என்பதால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டதைச் சொன்னார். இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. அக்கம்பக்கத்துப் பெடியள் முறைவைத்துச் சுற்றுவார்களாம். "சுத்துறவன் களைச்சால் செய்தியும் களைக்கும்" என்றார். முதல் நாள் மூன்று மணித்தியாலம் சொன்னதில் இந்த ஒரு வசனத்துக்கு ஈடாக ஒன்றுமில்லை.

42 கேள்வியும் அன்றோடு அடுப்புக்குள் போனது. அதன்பிறகு சாமானைத்தான் கேட்டேன். விளக்கு எரிந்தது எதில்? பங்கரை வெட்டியது யார், மேலே போட்ட பனங்குற்றி யாருடைய வளவு மரம்? பங்கருக்குள் பாம்பு வந்ததா? இரவில் பொம்மர் சுற்றும்போது கக்கூசுக்கு எப்படிப் போனீர்கள்? கொப்பி இல்லாத வருடம் பிள்ளை எதில் எழுதியது? மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் எழுப்ப எத்தனை சொட்டுப் பெற்றோல் போனது? முடிந்தால் சாமானையே கையில் கொடுங்கள். பழைய கூப்பன் மட்டை, நிவாரண அட்டை, பங்கருக்குப் போட்ட குற்றியில் மிச்சம் எது கிடந்தாலும் நல்லது. கைக்கு ஞாபகம் வாயைவிடக் கூட. பெண்களைப் பெண்களாகத் தனியே சந்தியுங்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்தால், சவர்க்காரம் இல்லாத நாளில் மாதத் துணியை எப்படிக் கழுவினார்கள், எங்கே ஒளித்துக் காயப்போட்டார்கள் என்பதெல்லாம் வெளியே வராது. அந்த ஒரு விசயத்துக்காகவே ஐந்து பெண்கள் என்னைக் கூப்பிட்டுக் கதைத்தார்கள், "இதை ஒருத்தரும் கேட்கேல்லைப் பிள்ளை" என்று. கேட்டவள் ஆண் என்றால் இதுவும் கிடைத்திராது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

திகதி விசயத்தில் நான் பட்ட பாடு தனி. ஒருவர் 91 என்பார், அவருடைய தங்கச்சி அதே சம்பவத்தை 93 என்பா, இருவரும் சத்தியம் பண்ணுவார்கள். கலண்டரைக் கேட்பதை நிறுத்தினேன். மூத்தவன் அப்போது நடக்கிறானா, தவழ்கிறானா? நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னமா பின்னமா? ஊரில் யார் அந்த வருடம் ஏ.எல் சோதினை எடுத்தது? எங்கள் பக்கத்தில் இதைவிட நல்ல ஒரு கேள்வி இருக்கிறது: "கொழும்புக்கு எந்தப் பாதையால் போனீர்கள்?" ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபிறகு முதலில் கேரதீவு–சங்குப்பிட்டித் துறை, பூநகரியில் இராணுவம் வந்து அதுவும் போனபிறகு கொம்படி–ஊரியான் சேற்றுப்பாதை, பிறகு கிளாலிக் கடலேரியில் இரவுப் படகு. கொம்படியில் இடுப்பளவு தண்ணீருக்குள் சூட்கேசைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்ததை ஒருத்தரும் கிளாலியோடு மாறாட்டம் செய்யமாட்டார்கள். பாதை தெரிந்தால் காலம் தானாக விழும். 95 இடம்பெயர்வைக்கூட ஆச்சி ஒக்டோபர் 30 என்று சொல்லவில்லை. "தீபாவளிக்கு அடுத்த கிழமை, கந்தசஷ்டி விரதம் பிடிச்ச கையோட" என்றா. அந்த வருடம் ஒக்டோபர் 24இல் சூரிய கிரகணம், அது அமாவாசை. எண்ணிப் பார்த்தேன், ஆச்சியின் கணக்கு அச்சொட்டு.

இனிச் சொல்லப்போவது எனக்குக் கஷ்டமானது. அந்த ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாண நகரம் இருக்கிற வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொல்லிப் புலிகள் ஒலிபெருக்கியில் சொன்னபிறகு, நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது. நானும் அதற்குள் பத்து வயதுப் பிள்ளை. தாகத்துக்குக் குடையை மறுவளமாகப் பிடித்து மழைத்தண்ணீர் ஏந்திக் குடித்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது. ஒரு அம்மாவிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சைக்கிள் கரியரில் தையல் மெசினின் தலையைக் கட்டியதைச் சொன்னா, கூடைக்குள் கோழி கொண்டுபோனதைச் சொன்னா. "மாமா வரேல்லை" என்று சொல்லிவிட்டு நிறுத்தினா. நான் விட்டிருக்கவேண்டும். விடவில்லை. ஏன் வரவில்லை, நடக்க ஏலாதவரா, யார் முடிவெடுத்தது, திரும்பி 96இல் வந்தபோது வீட்டில் என்ன கண்டீர்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். நல்ல பதிவு கிடைக்கிறது என்ற ஒரு கேடுகெட்ட சந்தோசம் அந்த நேரம் எனக்குள் ஓடியது, பொய் சொல்லமாட்டேன். அவ எல்லாவற்றையும் சொன்னா. நான் நன்றி சொல்லி, கருவியை நிற்பாட்டி, ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்துவிட்டேன். மூன்றாம் நாள் மகள் போன் எடுத்தா. அம்மா மூன்று இரவாக நித்திரை இல்லை, பிறசர் ஏறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. "உங்களுக்குக் கதை கிடைச்சுது, எங்களுக்கு என்ன கிடைச்சுது ரீச்சர்?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா கேட்டது ஒன்றுதான், அதை அழித்துவிடச் சொல்லி. அழித்தேன்.

அதனால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆள் நிறுத்துகிற இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள். "அது கிடக்கட்டும், கோழிக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் போதும், அவர்களே விரும்பினால் திரும்பி வருவார்கள். பாரமான கதை சொன்னவரை அப்படியே விட்டுவிட்டு வரவேண்டாம். தேத்தண்ணி குடியுங்கள், முருங்கைக்காய் விலை கதையுங்கள், கடைசி பஸ் போனால் போகட்டும். அடுத்த நாள் ஒருக்கால் எட்டிப்பாருங்கள். உங்கள் பகுதியில் உளவளத்துணை எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு மேல் வேண்டாம், உங்களுக்கும் தாங்காது. எனக்கு மூன்றாம் மாதத்திலிருந்து கனவில் நாவற்குழிப் பாலம் வரத் தொடங்கியது.

அழித்தேன் என்று சொன்னேனே, உண்மையில் முழுதாக அழியவில்லை என்பது இரண்டு கிழமை கழித்துத்தான் தெரிந்தது. ஒலியைக் கேட்டு எழுதித்தர ரவுனில் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தேன், மொத்தம் 54,000 ரூபாய் கொடுத்தேன். அந்த அம்மாவின் பதிவு அவருடைய கணினியிலும் இருந்தது. அவர் அதைத் தன் மனுசிக்குச் சொல்ல, அந்த மனுசிக்கு எங்கள் ஊரில் உறவு. ஊருக்குள் "கிழவனை விட்டிட்டுப் போனவை" என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. அந்த வீட்டுப் படலையை நான் இன்றுவரை திறக்கவில்லை. எழுதித்தந்ததும் உருப்படி இல்லை. "சகடை" என்ற குண்டுவீச்சு விமானத்தைச் "சக்கடை" என்றும், சில இடத்தில் "சாக்கடை" என்றும் எழுதியிருந்தார். நீங்களே எழுதுங்கள். ஒரு மணித்தியாலப் பேச்சுக்கு ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும், ஆனால் எழுதும்போதுதான் கேட்காமல் விட்ட கேள்வி தெரியும். கட்டாயம் இன்னொருவரிடம் கொடுக்கவேண்டி வந்தால், ஊரோடு தொடர்பில்லாத ஆளாகப் பாருங்கள், பெயரை மாற்றிக் கொடுங்கள், வேலை முடிந்ததும் பிரதியை உங்கள் கண்முன்னால் அழிக்கச் சொல்லுங்கள்.

ஹார்ட் டிஸ்க் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சொல்லச் சொல்ல வயிறு எரியும். 17 பதிவுகள் ஒரே டிஸ்கில். வேறு பிரதி இல்லை. பெறாமகன் வயரில் கால் தட்ட, மேசையால் விழுந்தது. கொழும்பில் ஒரு கடையில் 35,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஆறு பதிவை மீட்டுத் தந்தார்கள். மிச்சம் பதினொன்றில் ஒன்பது பேரிடம் திரும்பப் போய்க் கேட்டேன். இரண்டு பேர் அதற்குள் செத்துவிட்டார்கள். அதில் ஒருவர் தடைக்காலத்தில் எங்கள் பகுதியில் பிரசவம் பார்த்த மருத்துவிச்சி. ரோச்லைற்றுக்குப் பற்றரி இல்லாமல், செத்த பற்றரியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டு, அந்த வெளிச்சத்தில் தொப்புள்கொடி வெட்டியதைச் சொன்னவ. அவவின் குரல் இப்போது என் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது. பதிவு எடுத்த அன்று இரவே மூன்று இடத்தில் வையுங்கள். அதில் ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

புலிகளின் இயக்கத்தில் யார் இருந்தது, யார் சேர்ந்தது, யாரைப் பிடித்தது என்ற கேள்விகளைக் கேட்கவேண்டாம். ஆளே சொல்லத் தொடங்கினாலும் கருவியை நிற்பாட்டிவிட்டுக் கேளுங்கள். எங்கள் ஊரில் இன்னும் அந்தப் பெயர்களால் வீட்டுக்கு ஆள் வரும். போன இடமெல்லாம் "வீட்டுத்திட்டம் தருவியளோ", "காணாமல் போனவையின்ர விபரம் எடுக்கிறியளோ" என்று எதிர்பார்ப்போடு கேட்பார்கள். முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்: என்னிடம் ஒன்றும் இல்லை, நான் தரப்போவது ஒன்றுமில்லை, நான் பள்ளிக்கூடத்து ரீச்சர். பாதிப்பேர் அதோடு அனுப்பிவிடுவார்கள், இருக்கட்டும். அந்த மிச்சப் பாதி போதும்.

எல்லாம் ஒருவாறு முடிந்தது என்று நினைத்து, முழுப் பதிவையும் திரும்ப இருந்து கேட்டபோதுதான் பெரிய ஓட்டை தெரிந்தது. "பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைச்சது சோனக தெருக் காக்கா. பேந்து அவையள் இல்லைத்தானே." "பழைய இரும்பு எடுக்க வாற காக்கா, பேந்து வாறேல்லை." சோனக தெரு முஸ்லிம்கள் இருந்த இடம், காக்கா என்று எங்கள் சனம் சொல்வது முஸ்லிம் ஆட்களை. ஏழு பதிவுகளில் இதே மாதிரி ஒரு வசனம். ஏழிலும் நான் "ஓமோம்" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன். என் குரலே எனக்குக் கேட்கிறது. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப்புலிகள். வடக்கிலிருந்து 70,000க்கு மேற்பட்ட சனம் அந்த நாட்களில் துரத்தப்பட்டது. ஐந்து வருடம் கழித்து, அதே திகதியில் நாங்கள் மழைக்குள் நடந்தோம். நான் வரலாறு படிப்பிக்கிறவள். இந்த இரண்டு திகதியும் ஒன்று என்பது எனக்கு 33 வயதில்தான் கண்ணில் பட்டது.

துரத்தப்பட்டவர்களில் கனபேர் போய்ச் சேர்ந்த புத்தளத்துக்குப் போனேன். விசாரித்து விசாரித்து ஒரு தையல்காரரைப் பிடித்தேன், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு உடுப்புத் தைத்தவர்தான். எழுபது கடந்தவர். முதல் நாள் ஒன்றும் கதைக்கவில்லை, தேத்தண்ணி மட்டும் தந்தார். இரண்டாம் நாள் கேட்டார், "27 வருசம் எங்க இருந்தீங்க டீச்சர்?" நான் அப்போது ஐந்து வயது என்று சொல்ல வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன். பிறகு அவரிடமும் சாமானைத்தான் கேட்டேன். மெசின் என்னவானது? விட்டுவிட்டு வந்தாராம், பாதி தைத்த ஒரு வெள்ளைச் சட்டை ஊசியில் கொழுவியபடி. காசும் நகையும் வழியில் பறித்தார்கள், நாடாவை மட்டும் ஒருத்தரும் பார்க்கவில்லை, கழுத்தில் கிடந்தது என்றார். அளவு நாடா. எடுத்துக் காட்டினார், அங்குல எழுத்தெல்லாம் அழிந்துபோய் மஞ்சள் வாராக இருந்தது. அன்றிலிருந்து யாருடைய கதையையும் முடிக்கமுன் ஒரு கேள்வி கட்டாயம் கேட்கிறேன்: அப்போது பக்கத்தில் இருந்து, இப்போது இல்லாத ஆட்கள் யார் யார், எங்கே போனார்கள்? ஊரில் இருக்கிறவர்களை மட்டும் கேட்டால், ஊரில் மிஞ்சினவர்களின் போர்தான் கிடைக்கும்.

பதிவுகளைத் திருப்பிக் கொடுக்கிற வேலை கடைசியாக வந்தது, அதுவும் பிழைத்தது. எல்லோருக்கும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வீட்டில் அது சாமிப்படத்துக்கு முன்னால் விபூதித் தட்டில் கிடந்தது. கணினி இல்லாத வீட்டுக்கு அதை வைத்து என்ன செய்வது? பிறகு பெரிய எழுத்தில் அச்சடித்து, கொப்பி மாதிரித் தைத்துக் கொண்டுபோனேன். அதைத்தான் முதலிலேயே செய்திருக்கவேண்டும். ஆச்சியிடம் கொடுத்தபோது அவவுக்குக் கண் தெரியவில்லை, பேத்தியைப் பிடித்து இருத்தி வாசிக்கச் சொன்னா. தபாலதிபர் அந்த வருடம் ஆவணியில் காலமாகிவிட்டார். டைனமோ இடம் வந்தபோது ஆச்சி கையைக் காட்டி, அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னா. இரண்டு தரம். பனம்பழம் வந்தது, மாடு வந்தது. ஆச்சி நிமிர்ந்து இருந்தா.

"பிள்ளை, நிப்பாட்டு. மாடு சப்பினது என்ர சீலையில்லை, பக்கத்து வீட்டு ரீச்சரின்ர. அவ இப்ப கனடாவில. பேனை வைச்சிருக்கிறியோ? வெட்டி எழுது."